கிடந்து கெட்ட படகும் ஓடித் தேய்ந்த படகும்

“அண்ணை, 16 வருசத்துப் படகு. எஞ்சின் ரெண்டும் 400 மணித்தியாலந்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி.” பழைய மோட்டார் யாட் விற்பவர்கள் சொல்லும் முதல் வசனம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வாங்க வந்தவரின் முகம் மலர்வதும் இதைக் கேட்டுத்தான். படகுப் பரிசோதனை வேலையில் இருக்கிற எங்களுக்குக் கவலை தொடங்குவதும் அந்த இடத்தில்தான். உல்லாசப் படகு ஒன்று ஆண்டுக்கு 100 முதல் 200 மணித்தியாலம் ஓடுவது வழமை. 16 ஆண்டுகளில் 400 மணித்தியாலம் என்றால் ஆண்டுக்கு 25. மற்ற நேரமெல்லாம் அது உப்புக்காற்றிலும் கொழும்பின் புழுக்கத்திலும் கட்டியபடியே கிடந்திருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்த டீசல் எஞ்சின் சில ஆயிரம் மணித்தியாலம் தாங்கும். சும்மா கிடப்பதைத்தான் அது தாங்காது.

ஏன் என்று சொல்கிறோம். படகு எஞ்சினில் இரண்டு நீர்ச்சுற்றுகள் உண்டு. உள்ளே கூலன்ட் சுற்றுகிறது. வெளியிலிருந்து இழுக்கும் கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயின் வளைவான எல்போவுக்குள் கொட்டி, புகையோடு சேர்ந்து வெளியேறுகிறது. சூடான புகையும் உப்புநீரும் ஒன்றாய்ச் சேரும் அந்த எல்போதான் முழு எஞ்சினிலும் மிக வேகமாக அரிபடும் பாகம். வெளியில் பெயின்ற் பளபளக்கும், உள்ளே தகடு தாள்போல மெலிந்திருக்கும். அது ஓட்டையானால் எஞ்சினை நிறுத்தியபின் உப்புநீர் பின்னோக்கி வழிந்து, காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும், அங்கிருந்து சிலிண்டருக்கும் போகும். அடிக்கடி ஓடும் எஞ்சினில் சத்தம், புகை, சூடு என்று ஏதோவொன்று இதைக் காட்டிக்கொடுத்துவிடும். மாதக்கணக்கில் கிடக்கும் எஞ்சினில் பிஸ்டன் வளையம் துருப்பிடித்து இறுகும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே எல்போவைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். நான்கைந்து போல்ட், ஒரு கிளாம்ப், ஒரு காஸ்கெட், அவ்வளவுதான் வேலை. கழற்றியதும் டர்போவின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். கருப்புக் கரி ஒட்டினால் நல்லது. செந்துரு ஒட்டினால் இன்ஜெக்டர் ஒன்றைக் கழற்றி, சிறு கமரா விட்டுச் சிலிண்டரைப் பார்க்காமல் பேச்சை மேலே நகர்த்த வேண்டாம். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் கடல்நீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் இதே கதைதான். அலுமினியக் கூட்டுக்குள் செப்புக் குழாய்களும் உப்புநீரும் இருக்கின்றன. இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, கிறீஸ் பூசிப் பூட்டாவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு கசியும் உப்புநீர் நேரே காற்றோடு எஞ்சினுக்குள் போகும்.

எஞ்சின் எண்ணெயை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது பயனுள்ள சோதனை. அறிக்கையில் சோடியம் கூடுதலாக இருந்தால் கடல்நீரோ கூலன்டோ உள்ளே போகிறது. இரும்பும் குரோமியமும் கூடினால் சிலிண்டரும் வளையமும் தேய்கின்றன. ஆனால் “உங்களுக்காக நேற்றுத்தான் எண்ணெய் மாற்றினேன்” என்று ஒருவர் சொன்னால் அந்த மாதிரியை அனுப்புவது வீண்செலவு. மாற்றிய எண்ணெய் குறைந்தது 25 மணித்தியாலமாவது ஓடியிருந்தால்தான் எதையாவது சொல்லும்.

எஞ்சினைத் தொட்டுப் பார்க்காமல் சாவியைத் திருப்ப விடாதீர்கள். பார்வையிட வரும் நாளில் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். சொன்ன பிறகும் பிளாக் இளஞ்சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது சிறிது வெண்புகை வந்து ஓரிரு நிமிடத்தில் மறைவது இயல்பு. மறையாத வெண்புகை எரியாத டீசலாகவோ உள்ளே போகும் நீராகவோ இருக்கலாம். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பாரத்தில் கரும்புகை என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது புரொப்பெல்லர் எஞ்சினுக்கு மிஞ்சியது.

வெளிநாட்டில் எடுத்த பரிசோதனை அறிக்கையோடு வரும் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட ஐரோப்பாவில் கடல்நீர் 12 பாகை இருக்கும்போது, பாதி அடைபட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சரும் எஞ்சினைக் குளிர்வித்துவிடும். கொழும்புக் கடல் 28 பாகை. அங்கே தேறிய அதே எஞ்சின் இங்கே முழுவேகத்தில் சில நிமிடங்களிலேயே கொதிக்கலாம். அங்குள்ள அறிக்கை பொய்யில்லை. அது வேறு கடலுக்கு எழுதியது.

அதனால் கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை இங்கே, இந்த நீரிலேயே நடக்க வேண்டும். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் இதை ஒழுங்காகச் செய்வது கடினம். டிசெம்பர் முதல் ஏப்ரல் வரையான காலைகள்தான் தோது. ஒருநாள் முன்பே சுழியோடியை இறக்கி அடியையும் புரொப்பெல்லரையும் சுரண்டிவிடுங்கள். நம் சூட்டு நீரில் படகடியில் ஓடுபோல ஒட்டி வளரும் கொட்டலசு சில கிழமைகளிலேயே ஏறிவிடும். அதோடு ஓடினால் வரும் எண்களை நம்ப முடியாது. புறப்படுமுன் படகின் உள்ளே கசியும் நீர் சேரும் அடிப்பகுதியான பில்ஜைத் துடைத்துக் காயவிடுங்கள். திரும்பி வந்ததும் எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கேதான் கசிவு.

ஆயிரம் ஆர்பிஎம்மில் தொடங்கி இருநூறு இருநூறாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் இரு எஞ்சினின் சூடு, எண்ணெய் அழுத்தம், ஜிபிஎஸ் வேகம் மூன்றையும் எழுதுங்கள். நீரோட்டம் ஏமாற்றாதிருக்க, போன திசையிலும் எதிர்த்திசையிலும் ஓடி வேகத்தின் சராசரியை எடுக்க வேண்டும். பிறகு முழுவேகம். எஞ்சின் தகட்டில் உச்ச ஆர்பிஎம் 2800 என்று இருந்தால் எஞ்சின் 2800ஐத் தொட வேண்டும், சற்றுத் தாண்டினாலும் நல்லது. டாங்கியும் ஆட்களும் நிறைந்த நிலையில், சுத்தமான அடியோடு 2600இல் நின்றுவிட்டால் புரொப்பெல்லர் பெரிது அல்லது எஞ்சின் களைத்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அந்த எஞ்சின் பாரம் மிஞ்சித்தான் ஓடுகிறது. முழுவேகத்தில் ஐந்து நிமிடமாவது வைத்திருந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு எஞ்சினிலும் ஒரே இடங்களைக் குறிவைத்து அளவெடுங்கள். டாஷ்போர்ட் மீற்றரை விட இந்த ஒப்பீடு நம்பத்தக்கது. இரண்டு எஞ்சின் உள்ள படகில் ஒன்று மற்றதற்குச் சாட்சி.

எஞ்சினில் இவ்வளவு நேரம் செலவழிப்பதற்குக் காரணம், பணம் அங்கேதான் போகும் என்பது. ஆனால் படகின் அடி கெட்டிருந்தால் நல்ல எஞ்சினாலும் பயனில்லை. பெருக்கும் வற்றும் பெரிதாக உள்ள நாடுகளில் படகைச் சுவரோரம் கட்டி, வற்றில் அடியைப் பார்த்துவிடுவார்கள். கொழும்பில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே படகைத் தூக்கக் கிறேனோ, கரைக்கு இழுக்கும் சரிவான சிலிப்வேயோ ஒழுங்கு செய்துதான் ஆக வேண்டும். அந்தச் செலவு வாங்குபவருடையது, அதை மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது.

தூக்கிய உடனே ஈரமானியை வைத்து அடியைத் தீர்ப்பிடுவது தவறு. எல்லாப் படகும் ஈரமாகத்தான் காட்டும். இரண்டு நாளாவது காயவிட்டு, உள்ளங்கை அளவு இடங்களில் அடிப்பெயின்ற்றைச் சுரண்டி அளக்க வேண்டும். அந்தப் பெயின்ற்றில் உள்ள செம்பு மானியைக் குழப்பும். நீர்மட்டத்துக்கு மேலே அதே படகில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்துங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். வினாகிரி மணக்கும் நீர் வந்தால் அது ஒஸ்மோசிஸ், அதாவது ஃபைபர் கிளாஸுக்குள் நீர் ஊறியிருக்கிறது. பத்திருபது சிறு கொப்புளங்களைச் சுரண்டி எப்பொக்சி பூசிவிடலாம், பயப்பட வேண்டாம். அடி முழுக்கப் பரவியிருந்தால் ஃபைபர் கிளாஸின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டை உரித்து மாதக்கணக்கில் காயவிட வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அது காய்வதே பெரும்பாடு.

கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் நெடுங்காலம் கிடந்த படகுகளில் இதை இன்னும் கவனமாகத் தேடுகிறோம். உப்பு குறைந்த நீர் ஜெல்கோட்டுக்குள் எளிதாக ஊறும். கொட்டலசு ஏறாது என்று மகிழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடுவதற்காகப் பூட்டும் துத்தநாக அனோட் அப்படியான நீரில் மேலே ஓடு படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும், அங்கே அலுமினிய அனோட்தான் பொருத்தம். ஓராண்டுக்குப் பிறகும் புத்தம்புதிதாகத் தெரியும் அனோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அது தேயாதபோது அதற்குப் பதில் ஷாஃப்டோ புரொப்பெல்லரோ அரிபட்டிருக்கலாம். புரொப்பெல்லரையும் அடி வால்வுகளையும் அரத்தால் இலேசாகக் கீறுங்கள். மஞ்சளாக மின்னினால் நல்ல உலோகம். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் போய் வெறும் செம்பு மிச்சமிருக்கிறது. அந்த வால்வு ஒருநாள் கையோடு முறியும்.

மேல்தளத்தைப் பிளாஸ்ரிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்ற சத்தம் ‘பொத்’ என்று மாறும் இடத்தில் உள்ளிருக்கும் பால்சா மரம் ஊறிவிட்டது. கைப்பிடிக் கம்பியின் அடி, கயிறு கட்டும் கிளீட், ஜன்னல் மூலை, இந்த மூன்று இடத்திலும்தான் பெரும்பாலும் அது தொடங்கும். எஞ்சின் அமர்ந்திருக்கும் நீள்சட்டங்களையும் அப்படியே தட்டிப் பாருங்கள். அவற்றின் உள்மரம் உளுத்திருந்தால், எஞ்சின்களை இறக்காமல் திருத்த வழியில்லை.

மின்சாரத்தில் ஒரு கேள்வி எல்லாவற்றையும் முந்தியது: படகு எந்தச் சந்தைக்குக் கட்டப்பட்டது? அமெரிக்கப் படகு 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் கரை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வைத்து வோல்டைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸ் மாறாது. ஏசியின் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிச் சூடேறும். ஏசி, பிரிட்ஜ், பற்றரி சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். ஜெனரேற்றரைச் சோதிக்கும்போது எல்லா ஏசியையும் ஒன்றாகப் போட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். வெறுமனே ஓடும் ஜெனரேற்றர் எதையும் நிரூபிக்காது.

டீசல் டாங்கி பலர் பார்க்காமல் விடும் இடம். பாதி நிரம்பிக் கிடக்கும் டாங்கியில் காற்றின் ஈரம் நீராகி அடியில் சேரும், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசிபோலச் சேரும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் செப்பரேற்றரின் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டும் தெரியும். அலுமினிய டாங்கி அடியிலிருந்து அரிபடும், அதை எடுக்கத் தளத்தையே வெட்ட வேண்டிய படகுகளும் உண்டு.

பத்திரங்களில் தடுமாற்றம் கண்டால் அங்கேயே நில்லுங்கள். பின்புறத்தில் பொறித்த உடல் இலக்கம் அமெரிக்கப் படகில் 12 எழுத்து, ஐரோப்பியப் படகில் நாட்டுக் குறியோடு 14. கடைசி இரண்டு இலக்கம் மொடல் ஆண்டு. அது விற்பனைப் பத்திரத்தோடும் சுங்கத் தீர்வைப் பத்திரத்தோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முந்திய நாட்டுப் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றும் வேண்டும். படகு துறைமுகத்துக்குள் கிடந்தால் உள்ளே போக அனுமதிப் பத்திரத்துக்கும் நாள் ஒதுக்குங்கள்.

முடிவெடுக்கும்போது குறைகளை இரண்டாகப் பிரிக்கிறோம். அனோட், கடல்நீர்ப் பம்பின் றபர்ச் சுழலியான இம்பெல்லர், றபர்க் குழாய், பற்றரி, பில்ஜ் பம்ப், எல்போகூட, கடையில் வாங்கிப் பூட்டக்கூடியவை. அவற்றைக் கூட்டி விலையில் கழித்தால் போதும். சிலிண்டருக்குள் உப்புநீர், உளுத்த நீள்சட்டம், பெரும்பகுதி ஊறிய மேல்தளம், பொருந்தாத பத்திரம் ஆகியவை எந்த விலைக்கும் வேண்டாம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். இதற்கு மேல் எரிபொருள் கணக்கு ஒன்று உண்டு. டீசல் எஞ்சின் முழுப்பாரத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லீற்றர் குடிக்கும். 300 குதிரைவலு எஞ்சின் இரண்டென்றால் 120 லீற்றர். அதைக் கட்ட முடியாதவர் வாங்கும் படகுதான் திரும்பவும் கிடந்து கெடப்போகிறது.

அருகருகே இரண்டு படகு விற்பனைக்கு நின்று, ஒன்று 400 மணித்தியாலமும் வெறும் பேச்சும், மற்றது 2000 மணித்தியாலமும் எண்ணெய்க்கறை படிந்த ஒரு கொப்பியும் வைத்திருந்தால், நாங்கள் கொப்பியைத்தான் முதலில் கையில் எடுப்போம். அதில் இம்பெல்லர் மாற்றிய திகதிகளைத் தேடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே கையெழுத்தில், எஞ்சின் மணித்தியாலத்தோடு எழுதியிருந்தால், எல்போ எப்போது மாற்றப்பட்டது என்ற பதிலும் அதே கொப்பியில் சில பக்கங்கள் தள்ளி இருக்கும்.