காம்போசிட் கேள்விக்கு டேபிளை மனப்பாடம் பண்ணாதீங்க

ரிசல்ட் வந்துவிட்டது. பயோமெட்டீரியல்ஸில் நல்ல கிரேடு. இன்டர்னல் மார்க்கில் கை வைத்த புண்ணியவானால் எண்ட் செமஸ்டரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாண்டியில் இதே எலக்டிவ் எடுத்திருக்கிற ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கேள்வித்தாள் பேட்டர்ன் உங்களுக்கே தெரியும், விடுங்கள். மூட்டு இம்ப்ளான்ட்டுக்கான பாலிமர் காம்போசிட்டில் (நார் கலந்த பிளாஸ்டிக்) தயாரிப்பு முறைதான் பெரிய கேள்வி. எல்லோரும் முறை, நன்மை, தீமை என்று டேபிள் போட்டு உருப்போடுகிறார்கள். எனக்கு அது மண்டையில் ஏறாது. ஒவ்வொரு முறைக்கும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இதில் நார் எந்தத் திசையில் படுக்கும், எந்த இடம் சரியாக ஒட்டாமல் நிற்கும்?

இது புத்தகத்தில் கிடைத்ததில்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தெரிந்தவர் மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறார். அங்கே கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான் பிராக்கெட் ஒன்றை ஆபரேட்டர் அண்ணன் கையாலேயே மடக்கி உடைத்துக் காட்டினார். ஓட்டையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு, சரியாக அதிலேயே விட்டது. “ரெண்டு பக்கமா வந்து சேர்ற எடம் தம்பி, எப்பவும் அங்கதான் விடும்” என்றார். இதுதான் வெல்ட் லைன், உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டங்கள் சேரும் கோடு. நார் அந்தக் கோட்டைத் தாண்டிப் போவதில்லை. கார்பன் ஃபைபர் கலந்த பீக்கை (PEEK, இம்ப்ளான்ட்டுக்குப் பயன்படும் ஒரு பிளாஸ்டிக்) இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கி அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) செய்தாலும் இதே கதைதான்: உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவில் நார் உடைந்து குட்டையாகிறது, தோல் பகுதியில் ஓட்டத்தின் திசையில் படுக்கிறது, நடுவில் குறுக்கே திரும்பிக்கொள்கிறது. விறைப்பு டைட்டானியம் அலாய்க்குச் சுமார் 110 கிகாபாஸ்கல், வெறும் பீக்குக்கு 3 முதல் 4, கார்பன் சேர்த்தால் எலும்புக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று எல்லோரும் எழுதுவார்கள். ‘அதுவும் நார் படுத்த திசையில்தான்’ என்று ஒரு வரி சேருங்கள், மார்க் அங்கேதான்.

மோல்ட் வெப்பநிலையையும் விடாதீர்கள். பீக்கின் கிளாஸ் டிரான்சிஷன் (அதற்குக் கீழே மூலக்கூறுகள் அசையாமல் கண்ணாடி போல இறுகும் வெப்பநிலை) 143 டிகிரி செல்சியஸ். மோல்ட் அதற்குக் கீழே குளிர்ந்திருந்தால் மேல்தோல் படிகமாகாமலே உறைந்துவிடும்.

அப்புறம் யூஎச்எம்டபிள்யூபிஈ (UHMWPE), அதாவது மிக நீளமான மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன். 1962இல் பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் சார்ன்லி இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறு எடை பல பத்து லட்சம் என்பதால் உருகினாலும் ஓடாது. எனவே ராம் எக்ஸ்ட்ரூஷன் (பவுடரைத் தண்டால் அழுத்திச் சூடான அச்சு வழியே தள்ளுவது), இல்லையென்றால் கம்ப்ரஷன் மோல்டிங் (அச்சுக்குள் வைத்துச் சூட்டோடு அழுத்துவது). பவுடர் துகள்கள் முழுசாக இணையாவிட்டால் அந்த எல்லையே பலவீனம். 1970களில் இதிலும் கார்பன் நார் கலந்து முழங்காலுக்குப் போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. ஓடாத பாலிமர் நாரை எப்படி நனைக்கும்? ஒட்டவில்லை, விரிசல் சுலபமாக ஓடியது. தயாரிப்பு முறை ஏன் முக்கியம் என்று கேட்டால் இந்த ஒரு உதாரணமே போதும் என்பது என் கட்சி.

மீதி, சுருக்கமாக:

- யூஎச்எம்டபிள்யூபிஈக்குக் காமா கிராஸ்லிங்கிங் (காமா கதிர் பாய்ச்சி மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிணைப்பது): தேய்மானம் குறையும். பிறகு உருக்கினால் கதிரால் உண்டான ஃப்ரீ ராடிக்கல் (எளிதில் வினைபுரியும் துண்டுகள்) போகும், ஆனால் படிகத்தன்மையும் வலிமையும் குறையும். உருகுநிலைக்குக் கீழே சூடாக்கி வைத்தால் (அனீல்) வலிமை நிற்கும், ராடிக்கல் கொஞ்சம் தங்கும், நாளடைவில் ஆக்சிடேஷன். இதை அப்படியே எழுதலாம்.
- 3டி பிரின்டிங்: அடுக்குக்கு அடுக்கு ஒட்டுதல் குறைவு, இடையில் காற்றுக் குமிழி. இரண்டு வரி போதும், பக்கம் பக்கமாக இழுக்காதீர்கள்.
- படம் கட்டாயம். மோல்டை வெட்டிய தோற்றம், நாரின் திசைக்கு அம்புக்குறி. கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) எங்கே என்று குறிக்காமல் வெல்ட் லைன் மட்டும் வரைந்தால் திருத்துகிறவர் நம்ப மாட்டார்.