விசிறியின் மூன்றாவது கம்பி

2024 ஜூன் 3

பணிமேசையிலுள்ள மின்வழங்கி, இயக்கிய 5 வினாடிகளில் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டுத் தானே அணைந்துவிடுகிறது. மின் இணைப்பைப் பிடுங்கிச் சிறிது நேரம் காத்திருந்து பெட்டியைத் திறந்தேன். 230 வோல்ட் உள்ளீட்டில் முதன்மை மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏறும் என்பதால், அதில் எஞ்சியிருந்த 40 வோல்ட்டையும் ஒரு மின்தடை வழியாக வடித்த பிறகே உள்ளே கைவைத்தேன். குற்றவாளி விசிறிதான்: பேரிங்கின் எண்ணெய் வற்றி, விரலால் தள்ளினாலும் முக்கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை.

2024 ஜூன் 4

கையிலிருந்த இருகம்பி விசிறியைப் பொருத்தினேன். காற்று நன்றாக வந்தும், அதே 5 வினாடியில் மின்வழங்கி அணைந்தது. பழைய விசிறிக்கு மூன்றாவதாக ஒரு கம்பி உண்டு; சுழற்சியைத் தெரிவிப்பது அதுதான். சில விசிறிகளில் இக்கம்பி சுழலும்வரை தாழ்நிலையிலும் நின்றால் உயர்நிலையிலும் இருக்கும். அவ்வகையாக இருந்தால் அதைத் தரைக்கம்பியோடு இணைத்தாலே, விசிறியைக் கண்காணிக்கும் காவற்சுற்று ஏமாந்துவிடும். இணைத்துப் பார்த்தேன், ஏமாறவில்லை. ஆகவே இது துடிப்புகளை எண்ணும் வகை.

பழைய விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தனியாக 12 வோல்ட்டில் ஓட்டினேன். அந்தக் கம்பி மின்னழுத்தத்தைத் தானாகத் தருவதில்லை. உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் அதைக் கீழே மட்டுமே இழுக்கும். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் மின்தடையைக் கொடுத்த பிறகே அலைக்காட்டியில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு தெரிந்தது. சுற்றுக்கு 2 துடிப்பு எனில், நிமிடத்துக்கு 3000 சுற்று.

2024 ஜூன் 6

555 என்னும், துடிப்புகளை உண்டாக்கும் சில்லைக் கொண்டு 100 ஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்கினேன். விசிறியின் தரைக்கம்பி மின்மாற்றியின் இரண்டாம் பக்கத்தை, அதாவது 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பற்ற பக்கத்தைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு டிரான்சிஸ்டர் வழியாக அத்துடிப்பை மூன்றாவது முனைக்குக் கொடுத்தேன். இருகம்பி விசிறி குளிர்விக்க, மின்வழங்கி அரை மணிநேரம் தடையின்றி ஓடியது. பழுது வேறெங்கும் இல்லை.

இதை இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. நாளை விசிறி நின்றாலும் 555 ‘சுழல்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினாலே மின்தேக்கிகளின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

2024 ஜூன் 9

ஓசை குறைந்த, 1500 சுற்று முக்கம்பி விசிறி ஒன்றைப் பொருத்தினேன். மீண்டும் அணைந்தது. 555-இன் அதிர்வெண்ணை மெல்லக் குறைத்துப் பார்த்ததில், 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது 2100 சுற்றுக்குக் கீழே, காவற்சுற்று விசிறி நின்றதாகவே கொள்கிறது. அமைதியை விரும்பி வேகம் குறைந்த விசிறியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த எல்லையை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

2024 ஜூன் 11

80 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன், 12 வோல்ட், 3000 சுற்று, பால் பேரிங்: பழையதற்கு எல்லாவகையிலும் ஈடான விசிறி வந்துசேர்ந்தது. இணைப்பியில் கம்பிகளின் வரிசை மட்டும் மாறியிருந்ததால் முனைகளை இடம்மாற்றினேன். காற்று பெட்டியிலிருந்து வெளியேறும் திசையையும் சரிபார்த்தேன். மூடியை மாட்டி முழுச்சுமையில் ஒரு மணிநேரம் ஓடவிட்ட பின், வலையின் வழியே உலர்ந்த மரக்குச்சியை நுழைத்து விசிறியின் நடுப்பகுதியை அழுத்தி நிறுத்தினேன். 5 வினாடியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, மின்வழங்கி அணைந்தது.