அமிர்திக்கு மேலே, யாரும் நடாத காடு

வேலூரிலிருந்து அமிர்தி போகிறவர்கள் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். நம்மியம்பட்டு வழியாக ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் பைக்கை மெதுவாக ஓட்டினால், ஒரு காலத்தில் வெட்டித் திருத்திச் சாமை விதைத்த சரிவுகள், உழவு நின்றபின் எப்படிக் காடாகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படி ஒரு சரிவில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஏறினேன். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போனபின் தரிசாக விட்ட நிலம். முதலில் புல்தான் வந்ததாம், அப்புறம் விராலி, உண்ணிச்செடி என்று புதர்கள், இப்போது அவற்றுக்கு நடுவே துரிஞ்சி, வெப்பாலை மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. "இத யாரு நட்டா தம்பி? அடிக்கட்டை உசுரோடதான் கெடந்துச்சு, ஏர் ஓட்டறத விட்டதும் துளுத்துக்கிச்சு" என்றார். மண்ணுக்கடியில் பழைய வேர் ஆழமாக இருப்பதால் இந்தத் துளிர்கள் ஒரு கோடையைத் தாக்குப்பிடிக்கும், அதே வெயிலில் பையில் வளர்த்துக் கொண்டுவந்து நட்ட நாற்று தண்ணீர் ஊற்றாவிட்டால் கருகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சந்தனக் கன்றுகள். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கும் அளவுக்கு இந்த ஜவ்வாது மலைச் சந்தனம் பேர் போனது, வெட்டியும் கடத்தியும் பெரும்பகுதி போய்விட்டது. பழத்தைத் தின்ற குயிலும் கொண்டைக்குருவியும் புதர்மேல் உட்கார்ந்து விதையைப் போட, கன்று அங்கேயே முளைத்துப் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இடத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புதரை ஒட்ட வெட்டினால், விதை விழும் இடமும் போச்சு, கன்றுக்குத் துணையும் போச்சு.

இந்த மாதிரிச் சரிவுகளில் நாற்று நடக் குழி தோண்டும் காசை, தீ பரவாமல் செடிகொடியை அகற்றிவிடும் தீத்தடுப்புக் கோட்டுக்கும், துளிர் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. பல வருடம் தொடர்ந்து உழுது கட்டையும் வேரும் செத்துப்போன இடம், அருகில் தாய்மரமே இல்லாத இடம், இங்கெல்லாம் நாற்று நடத்தான் வேண்டும், அதுவும் இந்த மலையிலேயே பொறுக்கிய விதையில் வளர்த்த நாற்றாக இருக்கட்டும்.