சம்பளச் சீட்டில் வராத 75 ரூபாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி மாலை, முதல் ஷிப்ட் முடிந்து கை கழுவிய ஈரம் காய்வதற்குள், நாலைந்து பேராவது என் மேசைக்கு முன் வந்து நிற்பார்கள். சம்பளச் சீட்டு ஒரு கையில் இருக்கும். மறு கையின் விரல் 'பிடித்தம்' என்று அச்சிட்ட இடத்தில் இருக்கும். "மேடம், இவ்ளோ ஏன் புடிச்சீங்க?" என்ற அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அது எவ்வளவு நியாயமான கேள்வி என்பதும், அதற்கு நான் சொல்லி வந்த பதில் எவ்வளவு அரைகுறையானது என்பதும் எனக்குப் புரிவதற்குப் பத்தாண்டுகள் ஆயின.

ஒருமுறை பிரஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 3,000 ரூபாய், ஆக 18,000. சீட்டில் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 1,800, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 135, மொத்தம் 1,935 ரூபாய் பிடித்தம். பழைய இடத்தில் பி.எஃப். இல்லாமல் முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்தார்கள் என்றும், இங்கேயும் அப்படியே செய்துவிட முடியுமா என்றும் கேட்டார். "கவர்மென்ட்டுக்குக் கட்டுற வரிதானே அக்கா, எங்களுக்கு என்ன வரப்போவுது?" என்றார். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவருடைய சீட்டில் அச்சாகாத மறுபாதியை எழுதிக் காட்டினேன். அவரிடம் பிடித்த 1,800 ரூபாய் அப்படியே அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்குப் போகிறது. நிறுவனம் தன் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் கட்டுகிறது. அதில் 15,000 ரூபாயின் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 ரூபாய் அவருடைய கணக்குக்கும் பிரிகின்றன. இவை தவிர, பணியில் இருக்கும்போது உயிர்போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுக்காக 75 ரூபாய், நிர்வாகச் செலவுக்காக 75 ரூபாய், இ.எஸ்.ஐ.க்காக 3.25 சதவீதம் என்ற கணக்கில் 585 ரூபாய். ஆக, அவரிடமிருந்து 1,935 ரூபாய் போகும் அதே மாதத்தில் அவர் பெயரில் நிறுவனம் 2,535 ரூபாய் கட்டுகிறது. அந்தத் தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய மனைவிக்குக் காட்டியதாகப் பிறகு சொன்னார்.

வரி வேறு, பங்களிப்பு வேறு என்பதை எங்கள் சீட்டு ஒருநாளும் பிரித்துக் காட்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். மாநகராட்சிக்குப் போகும் தொழில் வரி உண்மையாகவே வரிதான். அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுவது. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியவருக்கு 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. கொடுத்தால் கொடுத்ததுதான், அது நம் பெயரில் எங்கும் சேராது. வைப்பு நிதி அப்படியல்ல. அது தொழிலாளியின் சொந்தப் பணம், ஆண்டுதோறும் வட்டி சேர்வது. 2023-24ஆம் நிதியாண்டுக்கு அந்த வட்டி 8.25 சதவீதம். இரண்டையும் 'பிடித்தம்' என்ற ஒரே சொல்லால் அழைத்ததுதான், பி.எஃப். இல்லாத வேலையைத் தேடிப் போகும் மனநிலையைப் பலரிடம் வளர்த்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனாலும் கணக்கில் உள்ள தொகையை விட அதிகமாகத் தொழிலாளர்கள் இழப்பது சேவைக் காலத்தைத்தான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் 58 வயதில் எங்களிடம் ஓய்வு பெற்ற ஒரு டர்னர். கடைசி வாரத்தில் வந்து, "எனக்கு பென்ஷன் எவ்ளோம்மா வரும்?" என்று கேட்டார். மூன்று நிறுவனங்களில் மொத்தம் இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்தவர். ஒரு மாதம் விடாமல் பி.எஃப். பிடிக்கப்பட்டவர். பதிவுகளைப் பார்த்தேன். முதல் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள், அங்கிருந்து விலகியதும் 19, 10சி என்ற இரண்டு படிவங்களையும் கொடுத்து வைப்பு நிதியையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்தே எடுத்திருந்தார். அடுத்த இடத்தில் எட்டு ஆண்டுகள், அங்கும் அப்படியே. எங்களிடம் ஒன்பது ஆண்டு ஒரு மாதம். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். 10சி கொடுத்துப் பணத்தை எடுக்கும்போது, அந்தச் சேவைக் காலமும் கணக்கிலிருந்து அழிந்துவிடுகிறது. ஓராண்டுச் சேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் ஒரு தொகை கைக்கு வருகிறது, அவ்வளவே. எடுக்காமல் ஒவ்வொரு முறையும் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தால் இருபத்து நான்கு ஆண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் சேவை செய்து 58 வயதில் ஓய்வு பெறுபவர்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் கூட்டியே கணக்கிடுகிறார்கள். அவருக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை.

"இருவத்து நாலு வருஷம் புடிச்சாங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. முதல் இரண்டு நிறுவனங்களிலும் என்னைப் போல் ஒருவர் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து அந்தப் படிவங்களை நிரப்பி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று விரலால் காட்டியிருப்பார். நானும் அதுவரை எத்தனையோ பேருக்கு அதைத்தான் செய்திருந்தேன். 10சி படிவத்தில் பணமாக எடுப்பதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கவும் இடம் உண்டு. அந்தச் சான்றிதழ் சேவைக் காலத்தைக் காப்பாற்றி வைக்கும். அந்தக் கட்டத்தைக் காட்டி ஒருவரிடமாவது நான் விளக்கியதாக நினைவில்லை. கேட்டவர்களுக்குப் பணம் விரைவாகக் கிடைக்கச் செய்வதே உதவி என்று எண்ணியிருந்தேன். அன்று முதல், விலகுகிறேன் என்று வருபவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "அடுத்து எங்கே சேரப் போகிறீர்கள்?" என்பதுதான்.

பணத்தை மாற்றாமல் எடுப்பதால் வரிச்சுமையும் வரும். தொடர்ந்து ஐந்தாண்டுகள் சேவை முடியும் முன்பு வைப்பு நிதியை எடுத்தால் அது வருமானமாகக் கருதப்படும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால் பான் எண் கொடுத்தவருக்கும் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு ஒரகடத்தில் வேலைக்குப் போன ஒரு பொறியாளர், பைக் வாங்குவதற்காக முழுவதையும் எடுத்துவிட்டு, வரி பிடித்த பிறகு தொலைபேசியில் அழைத்து வருந்தினார். பழைய சேவையும் புதிய சேவையும் சேர்ந்தே அந்த ஐந்தாண்டாகக் கணக்கிடப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு தொல்லை, தமிழ்நாட்டில் பிறந்த நமக்கே உரியது, அது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான். வைப்பு நிதிப் பதிவில் 'கே. முருகன்' என்று இருக்கும். ஆதாரில் 'முருகன் கந்தசாமி' என்று விரிந்திருக்கும். வங்கிக் கணக்கில் 'முருகன் கே' என்று இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஊரில் மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆட்கள். 2021 செப்டம்பர் முதல், உறுப்பினரின் ஆதார் இணைக்கப்படாமல் மாதப் பங்களிப்பையே பதிவேற்ற முடியாது என்று ஆனபோது, நான் இரண்டு வாரங்கள் பகலில் ஷாப் ஃப்ளோருக்குப் போய் ஒவ்வொருவருடைய ஆதார் அட்டையையும் வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். பெயரைத் திருத்த நிறுவனமும் தொழிலாளியும் சேர்ந்து கையொப்பமிட்ட கூட்டு அறிவிப்பு அப்போது வேண்டியிருந்தது. பழைய நிறுவனம் மூடிப்போயிருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட அங்கே ஆள் இருக்கவில்லை. சென்னை பாடியில் மூடப்பட்ட ஒரு பட்டறையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்த ஒருவருடைய பணம், அவருடைய தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்த காரணத்துக்காக, பதினான்கு மாதங்கள் நகராமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இ.எஸ்.ஐ. பற்றி எங்கள் இடத்தில் நல்ல பேச்சு அதிகம் கேட்காது; மருந்துக்கு நிற்கும் வரிசை எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் குறை உண்மைதான். ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் 0.75 சதவீதம் கொடுத்துக் குடும்பத்துக்கே மருத்துவம் பெறுகிறார் என்பதும், நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெற முடியும் என்பதும் உண்மை. ஒரு மே மாதத்தில் சம்பள உயர்வு பெற்று 21,000 ரூபாயைத் தாண்டிய ஒருவர், இனிமேல் இ.எஸ்.ஐ. பிடிக்கக் கூடாது என்று என்னிடம் வாதாடினார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம்; நடுவில் சம்பளம் ஏறினாலும் அது முடியும் வரை கட்டியாக வேண்டும், அந்தப் பங்களிப்புக்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும் என்று விளக்கினேன். அரைமனதோடு போனார். செப்டம்பரோடு பிடித்தம் நின்றது. அடுத்த பிப்ரவரியில் அவருடைய மனைவிக்குக் கருப்பை அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. அந்தப் பயன் காலம் முடியாததால் அது இ.எஸ்.ஐ. மூலமாகவே நடந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று என் மேசைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு டீ வைத்துவிட்டுப் போனார்.

உயிர்க் காப்பீட்டுக்கான அந்த 75 ரூபாயை நான் ஒருநாளும் அலட்சியமாக எழுத முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றே ஆண்டுகள் வேலை செய்த ஒரு மெஷின் ஆபரேட்டர், முப்பத்து நான்கு வயதில், இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு மாரடைப்பில் இறந்தார். மனைவி, இரண்டு குழந்தைகள். கோப்பைத் திறந்தால், திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த நியமனப் (நாமினி) படிவத்தில் அண்ணன் பெயர் இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி இருந்தார். குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், குடும்பம் அமைந்ததும் தானாகவே செல்லாததாகிவிடும் என்று வைப்பு நிதித் திட்டமே சொல்கிறது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். உடன் வந்திருந்த அண்ணன், "அது என் தம்பி காசு இல்லீங்க, அவங்க காசு" என்று சொல்லி, கேட்ட இடங்களிலெல்லாம் வந்து கையெழுத்துப் போட்டார்.

பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுகள் தேவையில்லை. ஒரு மாதப் பங்களிப்பு செலுத்தியிருந்தாலே போதும். இரண்டு குழந்தைகளுக்கும் 25 வயது வரை, தாயின் ஓய்வூதியத்தில் கால் பங்கு வீதம் தனித்தனியாக உண்டு. காப்பீட்டுத் தொகை, 15,000 ரூபாய் வரம்புக்கு உட்பட்ட சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு, அதாவது 5,25,000 ரூபாய். அதோடு கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதி. இரண்டும் சேர்ந்து 7 லட்சத்தைத் தாண்டாது. இந்தக் காப்பீட்டுக்காகத் தொழிலாளி ஒரு பைசாவும் கொடுப்பதில்லை என்பதால் அது சீட்டில் அச்சாவதும் இல்லை. இறந்துபோன அந்த ஆபரேட்டருக்கும் அது தெரிந்திருக்காது. அதன் பிறகு, புதிதாகச் சேர்பவர் முதல் நாள் கையெழுத்திடும் தாள்களோடு நியமனத்தையும் அன்றே இணையத்தில் பதிவு செய்ய வைத்தேன். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து நீட்டுபவரிடம், வாழ்த்திய கையோடு நாமினியை மாற்றும் நாளையும் குறித்துக் கொடுத்தேன்.

நான் விலகுவதற்கு முந்தைய ஆண்டு, பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். செய்யாறுக்குத் திரும்பிப் போய் மாடு வாங்கி வளர்க்கப் போவதாகவும், இனிமேல் கம்பெனி வேலையே வேண்டாம் என்றும் சொன்னார். கணக்கைப் பார்த்தேன், ஒன்பது ஆண்டு மூன்று மாதம். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னம் ஓர் ஆண்டாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், ஒன்பதரை ஆண்டு நிறைந்தால் பத்தாண்டுக்குச் சமம். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் சேவையில் கழியக்கூடும் என்பதால் அவற்றையும் எண்ணினேன். நாற்பத்தொரு நாள் வந்தது. நாட்காட்டியைப் புரட்டி, ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு தேதியைச் சுற்றிக் காட்டி, அதுவரை இருக்க முடியுமா என்று கேட்டேன். மாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு வெளியே போய் ஊருக்கு போன் பேசினார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மேசை மேல் இருந்த கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு, "அந்தத் தேதிய இதுலயே எழுதிக் குடுங்க மேடம், மறந்துடுவேன்" என்றார்.