விவசாய ஊரில் மலிவாக வீடு வாங்கப் போகிறீர்களா? சுவரைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

விவசாயத்தை நம்பியிருக்கும் சின்ன ஊர்களில் வீடு மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், வாங்க ஆள் இல்லாததுதான். வீடு மோசமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் அதே நிலைமைதான். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு இங்கே வாங்காதீர்கள். குடியிருக்க வாங்குங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரையும் தரையையும் சமையலறையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதெல்லாம் கையில் காசு சேரும்போது மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர், கழிவுநீர், பாதை, அஸ்திவாரம் இந்த நான்கில் கோளாறு இருந்தால், மலிவாக வாங்கியதில் மிச்சமான பணம் அத்தனையும் அதிலேயே போய்விடும்.

ஊர்க் குழாய் இணைப்பு இல்லாத வீடு என்றால் கிணற்றை நம்பித்தான் வாழ வேண்டும். ‘தண்ணி நல்லா வருது’ என்ற வாய்வார்த்தை போதாது. 20 லிட்டர் வாளி ஒன்றும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். தொட்டிக்கு ஏறுகிற குழாயிலேயே பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் குழாயில் பிடித்தால் தொட்டியில் நிற்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். மோட்டாரைப் போட்டதும் வாளி நிறைய எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை வீதம், குறைந்தது இரண்டு மணி நேரம் இப்படிக் குறியுங்கள். 60 வினாடியில் நிறைந்த வாளிக்கு கடைசியில் 150 வினாடி ஆனால், நிமிடத்துக்கு 20 லிட்டர் 8 லிட்டராகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். தொட்டி வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு 8 லிட்டர் போதும். அரை மணியிலேயே காற்று கக்க ஆரம்பித்தால் அந்தக் கிணற்றை நம்பாதீர்கள்.

இவ்வளவு நேரம் ஏன்? 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 மீட்டர் தண்ணீர் நின்றால் 500 லிட்டருக்கு மேல். முதல் அரை மணி நேரம் நீங்கள் பார்ப்பது இந்த நின்ற தண்ணீரை. ஊற்று எவ்வளவு தருகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். மழை பெய்து சில மாதங்கள் ஆன பிறகு இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீரின் தரம். சுற்றிலும் வயல், உரம், மாட்டுக் கொட்டகை இருக்கிற இடத்தில் நைட்ரேட்டும் கோலிஃபார்ம் கிருமியும் கட்டாயம் சோதிக்க வேண்டியவை. நைட்ரேட்டுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘நைட்ரேட்’ என்று போட்டிருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்று போட்டிருந்தால், அதில் நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிடுவதால், அதே வரம்பு சுமார் 11 மில்லிகிராம். பின்னதில் 20 என்று வந்திருப்பதைப் பார்த்து, ஐம்பதுக்குக் கீழேதானே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

மாதிரியை ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலிலேயே பிடியுங்கள், அதைக் கழுவாதீர்கள். கிருமிச் சோதனைக்கானதை அன்றைக்கே குளிர்ச்சியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் கிணற்றில் மருந்து போட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி எடுங்கள்.

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் உறிஞ்சுகுழியோ வெளியேறும் குழாயோ அடைத்திருக்கலாம், நன்றாகக் கீழே இருந்தால் தொட்டி கசியலாம். விற்பவர் போன வாரம்தான் சுத்தம் செய்தார் என்றால் மட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்போது மட்டம் வெளியேறும் குழாய் வரை ஏறிய பிறகும் சில நூறு லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டு, உறிஞ்சுகுழி பக்கம் தரை ஈரமாகிறதா, நாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்க அந்த இடத்தில் மட்டும் புல் செழித்திருந்தாலும் சந்தேகப்படலாம்.

பாதைக்கு வருவோம். பக்கத்து வயல் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், அந்த வழியுரிமை பதிவான பத்திரத்தில் இருக்க வேண்டும். ‘முப்பது வருஷமா இப்படித்தான் போறோம்’ என்பது இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலான நல்லுறவாக மட்டுமே இருக்கலாம். அது உங்கள் பெயருக்குத் தானாக மாறும் என்று நம்பாதீர்கள். அளவையாளரை வைத்து எல்லைக்கல்லையும் பார்த்துவிடுங்கள். உழுது உழுது வரப்பு நகர்ந்திருக்கும்.

அஸ்திவாரத்தில், பூச்சில் ஓடும் முடி போன்ற கீறலுக்குப் பயப்பட வேண்டாம். செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது, இதில் ஒன்று இருந்தாலும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். களிமண் நிலத்தில் மண் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும், சுவர் அதோடு ஆடும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே கூடுதல் நேரம் நில்லுங்கள்.

மருந்தடிக்கும் பருவத்திலும் அறுவடையிலும் ஒருமுறை வந்து போங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, அந்தப் பக்கம் என்ன பயிர் என்று கேளுங்கள். இரவெல்லாம் இயந்திரம் ஓடும் நாட்கள் இருக்கும். அது அந்த ஊரின் பிழைப்பு, வந்து குடியேறியவர் குறை சொல்ல முடியாது.

கடன் வாங்குவதாக இருந்தால் ஒன்று: அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகள் இல்லாததால் வங்கியின் மதிப்பீடு நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக வரலாம். அந்த இடைவெளியை உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.

முன்பண ஒப்பந்தத்தில் தண்ணீர்ச் சோதனை, செப்டிக் டேங்க், கடன் ஒப்புதல் மூன்றையும் தேதியோடு நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். கிணற்று மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் விலைக்குள் சேர்த்தி என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால், சாவி வாங்கப் போகும் நாளில் கிணற்றில் வெறும் குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.