பெரியப்பாவின் பாமினி கோப்புகள்: சிவப்பு சிவப்பாகவே வந்துவிட்டது

நேற்றிரவு தேடல் பெட்டியில் கொள்ளுப்பாட்டியின் பெயரை அடித்தேன். எங்கள் குடும்ப வரலாற்றைத் தேடி, குடியாத்தம், வாணியம்பாடி, பலமநேர் என்று பெரியப்பா பழைய பாமினி எழுத்துருவில் தனித்தனியாக எழுதி வைத்திருந்த கோப்புகள் அத்தனையிலிருந்தும் அந்தப் பெயர் வந்து நின்றது. அவர் போன பிறகு, அவற்றைத் தேடும்படி மாற்றிக் காப்பாற்றும் இந்த வேலையில் கிடைத்த முதல் பெரிய வெற்றி இதுதான்.

காகிதங்கள் பக்கம் அதிகம் சிக்கல் இல்லை. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்தாயிற்று. செல்லோடேப் ஒட்டிய இடங்களைத் தொடவில்லை. லேமினேஷன் போடச் சொன்ன சொந்தக்காரர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை போட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. பெட்டிக்குள் வசம்பு முடிச்சு வைத்திருக்கிறேன். "பழைய பேப்பர்காரனுக்குப் போடறதுக்குள்ள எடுத்துகினு போடா" என்று பெரியம்மா கொடுத்த பெட்டி அது. வெளியிடும் உரிமை அவருக்கும் அவர் மகனான அண்ணனுக்கும்தான். இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

உண்மையான போராட்டம் வேர்டு கோப்புகளில்தான். பெரியப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் யளனகப அடித்துப் பழகிய கை. கணினி வந்ததும் அதே விசையமைப்பில் பாமினி எழுத்துருவைப் பிடித்துக்கொண்டார். பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். தமிழில் தேடினால் கிடைக்காது; யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒட்டினால் மாற்றித் தரும் இணைய மாற்றிகள் இந்த வேலைக்கு ஆகாது. ஆங்கிலத்தில் எழுதிய பத்திர எண், பதிவேட்டுப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' என்று போட்டுவிடும். பாமினியில் காற்புள்ளி விசைக்கு 'இ'.

அதைவிட மோசம், வண்ணம் போய்விடும். பெரியப்பா ஆவணத்தை நேரில் பார்த்து எழுதியதைக் கறுப்பிலும், யாரோ சொல்லக் கேட்டதைச் சிவப்பிலும் அடித்திருக்கிறார். கடைசிவரை இந்த ஒழுங்கை விடவில்லை. சிவப்பு போனால் அவருடைய ஆராய்ச்சியில் பாதி போன மாதிரி.

அதனால் லிப்ரே ஆபீஸில் பழைய கோப்பைத் திறந்து டாக்எக்ஸ் (.docx) வடிவில் சேமித்து, பைத்தான் நிரலில் துண்டு துண்டாக மாற்றினேன். ஒவ்வொரு துண்டிலும் எழுத்துருவின் பெயரும் வண்ணமும் இருக்கும்; பாமினி என்றால் மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. சில பத்திகளில் எழுத்துருவின் பெயர் துண்டில் இருக்காது, பத்திக்கு மொத்தமாக வைத்த ஸ்டைலில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, வேர்டு ஒரே சொல்லை நடுவில் வெட்டி இரண்டு துண்டாக வைத்திருக்கும். பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும். கொம்பு ஒரு துண்டிலும் எழுத்து அடுத்த துண்டிலும் மாட்டிக்கொண்டால் கொம்பு அநாதையாக நிற்கும். முதலில் ஒரே எழுத்துரு, ஒரே வண்ணம் உள்ள அடுத்தடுத்த துண்டுகளை இணைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் கொள்ளுப்பாட்டி கிடைக்கவில்லை. அவர் பெயர் 'சௌ'வில் தொடங்கும். பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி எழுத்து கிடையாது. கொம்பு, சகரம், பிறகு சாதாரண 'ள'. மாற்றி அதை அப்படியே 'செள' என்று மூன்று எழுத்தாகக் கொடுக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். கௌரி, பௌர்ணமி எல்லாவற்றுக்கும் இதே கதி. 'ள'வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், இல்லையென்றால் ஔகாரம் என்று விதி எழுதினேன். 'வெள்ளம்', 'வெளி' தப்பித்தன. கறுப்புப் பகுதி முழுக்கச் சரியாக வந்தது. சிவப்பில்தான் இடித்தது. அங்கே கிழவிகள் பேசியதைப் பெரியப்பா பேசியபடியே அடித்திருக்கிறார்: 'ராவோட ராவா கெளம்பி வந்தோம்.' என் விதி அதைக் 'கௌம்பி' ஆக்கியது. கெளம்பு, வெளக்கு, கெளங்கு என்று விலக்குப் பட்டியல் போட்டு, சிவப்புத் துண்டுகளில் வரும் ஒவ்வொரு ஔகாரத்தையும் கண்ணால் பார்த்து முடித்தேன். அலுப்பான வேலை, ஆனால் அந்தக் கிழவிகளின் பேச்சு கெடாமல் வந்திருக்கிறது.

பலன் உடனே தெரிந்தது. சிவப்பில் ஒரு வரி: சோபகிருது ஐப்பசியில் பாலாற்று வெள்ளத்தில் வாணியம்பாடி வீடு போனது, ராவோடு ராவாகக் கிளம்பி வந்தார்கள். சோபகிருது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1843 ஆகவும் இருக்கலாம், 1903 ஆகவும் இருக்கலாம். குடியாத்தம் கோப்பில் கறுப்பில் ஒரு தீர்வை ரசீது, கொள்ளுப்பாட்டி பெயரில், பசலி 1313 (பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு). பசலியோடு 590 கூட்டினால் 1903 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. வாணியம்பாடியை அழித்த பாலாற்று வெள்ளம் 1903 நவம்பர் 12, ஐப்பசிக் கடைசி. கேட்டதும் பார்த்ததும் பொருந்துகின்றன. இரண்டும் வேறு வேறு கோப்பில் இருந்ததால் பெரியப்பா இதைச் சேர்த்து எழுதாமலே போய்விட்டார். நானும் அவர் வரியில் கை வைக்கவில்லை. பக்கத்தில் பச்சையில் என் குறிப்பு, தேதியோடு.

ஊர்ப் பெயர்களையும் மாற்றவில்லை. 'சித்தூர்' என்று ஒரு கோப்புறை இருப்பதைப் பார்த்து, ஆந்திராவில் நமக்கு என்ன வேலை என்று அண்ணன் கேட்டான். 1911 வரை வட ஆற்காடு (வ.ஆ.) மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். அப்போது பலமநேரும் நம் மாவட்டம். பிறகு 1989-ல் ஆரணியும் போளூரும் திருவண்ணாமலைப் பக்கம் போயின, 2019-ல் வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போனது. அவர் 'வ.ஆ.' என்று அடித்தது 'வ.ஆ.' ஆகவே இருக்கும். இன்றைய மாவட்டத்துக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மூலக் கோப்புகளும் மாற்றப்படாமல் இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று காட்பாடியில், ஒன்று சென்னையில் அண்ணன் வீட்டில்.

ஃப்ளாப்பிகள் இன்னும் பாக்கி. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வேலூர் லாங் பஜார் பக்கம் கிடைக்கவில்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் வாங்கினேன். அதற்குள் மனசு கேசட்டுகளுக்குத் தாவிவிட்டது. அந்தச் சிவப்பு வரிகளைச் சொன்ன குரல்கள் அதில் இருக்கின்றன. சில கேசட்டுகளில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துவிட்டது, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். திருகாணி போட்ட காலி கேசட் கூடு, ஒட்டிய கூடு வேண்டாம், வேலூர் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.