மஞ்சளுக்கு அங்ககச் சான்று வாங்கிய கதை

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சளும் கொஞ்சம் தென்னையும். ‘மருந்து அடிக்காத மஞ்சள்’ என்று சொல்லித்தான் தெரிந்தவர்களுக்கு விற்றுவந்தோம். உண்மைதான். ஆனால் மருந்து அடிக்காமல் யூரியா மட்டும் போட்டவரும் அதையே சொல்லி விற்கலாம். அதனால், ரசாயன மருந்தும் உரமும் இல்லாமல் விளைந்தது என்று உறுதிசெய்யும் அங்ககச் சான்றுக்கு (ஆர்கானிக் சான்று) விண்ணப்பித்தோம்.

சிட்டா, வயல் வரைபடம், மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம் என்று காகித வேலை நிறைய. பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

ஆய்வுக்கு வந்தவர் பயிரைப் பார்த்ததைவிட மற்றதைப் பார்த்ததுதான் அதிகம். விதை மஞ்சள் யாரிடம் வாங்கியது, ரசீது எங்கே, எதில் நனைத்து நட்டீர்கள்? சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்) என்றதும் பாக்கெட்டைக் கேட்டார். தெளிப்பான் பக்கத்துத் தோட்டத்துக்குக் களைக்கொல்லி அடிக்க இரவல் போகுமா? சாக்கை உள்புறம் திருப்பிப் பார்த்தார், பழைய உரச் சாக்கா என்று. மெருகேற்றும் வாடகை டிரம்மில் எங்களுக்கு முன் யார் மஞ்சள் ஓடியது, கழுவினீர்களா என்றும் கேட்டார். நிறத்துக்காகப் பொடி கலக்கிற பழக்கம் உள்ள சரக்கு இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

கிழக்கே பக்கத்து வாழைத் தோட்டத்தில் மருந்து அடிப்பார்கள். அங்கிருந்து தண்ணீர் வழிந்து வராமல் வாய்க்கால் வெட்டி, வரப்போரம் அகத்தி நட்டு, கொஞ்சம் இடம் விட்டோம்.

கடினமானது காத்திருப்பு. மஞ்சள் போன்ற பயிருக்கு 2 வருடம், தென்னைக்கு 3 வருடம் மாற்றக் காலம், அதாவது ரசாயனத்தை நிறுத்திவிட்டு முழுச் சான்றுக்குக் காத்திருக்கும் காலம். விளைச்சல் இறங்கும், இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காது. சிறு விவசாயி விட்டுவிட்டுப் போவது இங்கேதான். அரசு கைகொடுக்க வேண்டியதும் இங்கேதான். தனியாக முடியாதவர்கள் குறைந்தது 5 பேர் சேர்ந்து பி.ஜி.எஸ் (விவசாயிகளே ஒருவருக்கொருவர் உத்தரவாதம் தரும் சான்று முறை) குழுவாகப் பதியலாம். ஒருவர் வயலை மற்றவர் சரிபார்ப்பார்கள். ஏற்றுமதிக்கு அது செல்லாது, உள்ளூர் விற்பனைக்குப் போதும்.

அப்புறம், வாங்குபவர்களுக்கு: பாக்கெட்டில் ‘இயற்கை’ (ஆர்கானிக்) என்று அச்சடித்திருந்தால் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அங்ககச் சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். அங்கக உணவுக்கான 2017 உணவுப் பாதுகாப்பு விதிமுறை அதைத்தான் கேட்கிறது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு அதில் விலக்கு உண்டு. முத்திரை இல்லாததால் அவரைச் சந்தேகப்பட வேண்டாம். விதை எங்கே வாங்கினார், என்ன உரம் போட்டார், பக்கத்து வயலில் என்ன அடிக்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.